குடியும் போதையும் கவுன்சிலும்: இங்கிலாந்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்க் குடும்பங்களுக்கு மொழிபெயர்க்கப் போகும் இடங்களில் குடி, போதை சிகிச்சை பற்றித் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்கள் என் காதில் விழுகின்றன. கேட்பவர்கள் பெரும்பாலும் மனைவி, தாய், அக்கா. பலர் ஆண்டுக்கணக்கில் பொறுத்திருந்து, கடைசியில் அம்புலன்ஸ் வந்த பிறகுதான் கேட்கிறார்கள். உதவி இருக்கிறது, அது யார் கையில் இருக்கிறது என்று முன்பே தெரிந்தால் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. அதற்காகத்தான் இந்தத் தொகுப்பு. கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே வைத்திருக்கிறேன். பதில்கள் இங்கிலாந்துக்கு மட்டும் பொருந்தும்.

கவுன்சில் எண்டா குப்பை எடுக்கிற, பார்க்கிங் டிக்கெட் அடிக்கிற ஆக்கள்தானே? அவைக்கும் குடிக்கும் என்ன சம்பந்தம்?

2013 ஏப்ரலுக்கு முன் குடி, போதையிலிருந்து மீட்கும் சேவைகள், தேசிய சுகாதாரச் சேவையான என்எச்எஸ்ஸின் அமைப்புகளின் பொறுப்பில் இருந்தன. 2012ஆம் ஆண்டின் சுகாதார, சமூகப் பராமரிப்புச் சட்டம் பொதுச் சுகாதாரத்தை உள்ளாட்சிகளிடம் மாற்றிக் கொடுத்தது. புகைப்பதை நிறுத்த உதவுவது, பாலியல் நலம், சிறு பிள்ளைகளின் வீட்டுக்கு வரும் ஹெல்த் விசிட்டர் என்று பலவும் அப்படித்தான் கவுன்சிலுக்குப் போயின. போதை, மது சிகிச்சையும் அவற்றில் ஒன்று.

இந்தப் பொறுப்புள்ள ஒவ்வொரு கவுன்சிலுக்கும் பொதுச் சுகாதார இயக்குநர் என்று ஒருவர் இருக்கிறார். சட்டப்படி இருக்க வேண்டிய பதவி அது. உங்கள் பகுதியில் எத்தனை பேருக்கு உதவி தேவை, எந்த வகை உதவி, அதற்கு எவ்வளவு ஒதுக்குவது என்பதெல்லாம் அவருடைய குழுவின் மேசையில்தான் முடிவாகிறது.

அப்ப காசு எங்கயிருந்து வருது? நாங்கள் கட்டுற கவுன்சில் டாக்ஸா?

பெரும்பகுதி மத்திய அரசிடமிருந்து வருகிறது. சுகாதார அமைச்சு ஆண்டுதோறும் கவுன்சில்களுக்குப் பொதுச் சுகாதார மானியம் கொடுக்கிறது. 2025-26இல் இது இங்கிலாந்து முழுவதற்கும் 3.8 பில்லியன் பவுண்டுக்கு மேல். இந்தப் பணத்தை எடுத்துத் தெரு விளக்குப் போட முடியாது, பொதுச் சுகாதாரத்துக்கே செலவிட வேண்டும். அந்த ஆண்டில் கிரேட்டர் மான்செஸ்டர் மட்டும் விதிவிலக்கு. அங்குள்ள 10 கவுன்சில்களும் இந்த மானியத்துக்குப் பதிலாக, உள்ளூரில் வசூலாகும் வியாபார வரியிலிருந்து இந்தச் செலவைப் பார்த்தன.

இதில் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. பாலியல் நலச் சேவை போன்றவற்றைக் கவுன்சில் கட்டாயம் நடத்தியாக வேண்டும் என்று விதி இருக்கிறது. போதை, மது சிகிச்சை அந்தக் கட்டாயப் பட்டியலில் இல்லை. இந்தச் சிகிச்சைக்கு வருபவர்களின் எண்ணிக்கையையும் பலனையும் உயர்த்தக் கருத்தில் கொள்ள வேண்டும் என்பது மானியத்தின் நிபந்தனைகளில் ஒன்றாக மட்டுமே வருகிறது. எனவே எவ்வளவு ஒதுக்குவது என்பதில் கவுன்சிலுக்கு நிறைய இடம் இருந்து வந்திருக்கிறது. பின்னால் வரும் பல கேள்விகளுக்கு வேர் இங்கேதான்.

2022 முதல் இதற்கென்றே தனி மானியங்களும் வந்திருக்கின்றன. அவற்றின் பெயர்கள் அடிக்கடி மாறுவதால் மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

எங்கட இடத்தில ரெண்டு கவுன்சில் இருக்கு. எதைப் பிடிக்கிறது?

லண்டனில் இருந்தால் உங்கள் பரோ, அதாவது உங்கள் பகுதியின் கவுன்சில். லெஸ்டர், மில்டன் கீன்ஸ் போன்ற இடங்களில் நகரக் கவுன்சில் ஒன்றுதான். கவுண்டி, டிஸ்ட்ரிக்ட் என்று இரண்டு இருந்தால் கவுண்டியைப் பிடியுங்கள். டிஸ்ட்ரிக்ட் குப்பையையும் வீட்டு வசதியையும் பார்க்கும், பொதுச் சுகாதாரம் கவுண்டியின் வேலை.

அப்ப கவுன்சில் ஒபிசுக்குப் போனா டொக்டர் இருப்பாரா?

இருக்க மாட்டார். கவுன்சில் பணத்தை வைத்துக்கொண்டு வேறொரு அமைப்பிடம் சேவையை ஒப்பந்தம் கொடுக்கிறது. சில இடங்களில் அது என்எச்எஸ் ட்ரஸ்ட். பல இடங்களில் சேஞ்ச் குரோ லிவ், டேர்னிங் பொயின்ட், வயா, வித்யூ போன்ற தொண்டு நிறுவனங்கள். இதனால்தான் பக்கத்துப் பரோவில் சேவைக்கு வேறு பெயர், வேறு பலகை. கவுன்சிலின் இணையதளத்தில் உங்கள் பகுதிக்கு யார் என்று போட்டிருப்பார்கள். உங்கள் குடும்ப மருத்துவரின், அதாவது ஜிபியின், வரவேற்பாளரிடம் கேட்டாலும் சொல்வார்.

தொண்டு நிறுவனம் என்றதும் 'தர்மத்துக்குச் செய்கிறார்கள், தரம் எப்படியோ' என்று சிலர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் வேண்டாம். மருத்துவர், தாதி, மருந்து எழுதும் அதிகாரம் உள்ளவர் எல்லோரும் அங்கே வேலை செய்கிறார்கள். மருத்துவச் சேவை கொடுப்பதால் கேர் குவாலிட்டி கமிஷன் அவர்களையும் ஆய்வு செய்கிறது.

ஜிபி கடிதம் வேணுமா? எவ்வளவு எடுப்பினம்?

கடிதம் வேண்டாம். நேரே தொலைபேசியில் அழைக்கலாம், வாசலில் போய் நிற்கலாம், இணையத்தில் படிவம் நிரப்பலாம். ஜிபி அனுப்பினாலும் சரிதான். சேவை இலவசம். விசா சம்பந்தமான விதிவிலக்குகள் கீழே தனிக் கேள்வியாக வருகின்றன.

முதல் சந்திப்பில் எவ்வளவு, எத்தனை காலம், உடம்பு எப்படி, வீட்டில் யார், வேலை உண்டா என்று விரிவாகக் கேட்பார்கள். பிறகு ஒரு கீ வேர்க்கர் ஒதுக்கப்படுவார். அவர்தான் உங்களுக்கு நிலையான முகம். பதிவு செய்தவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு மூன்று வாரத்துக்குள் சிகிச்சை தொடங்கிவிடுகிறது.

அது ஹெரோயின் பாவிக்கிற ஆக்கள் போற இடமெல்லே? என்ர மனுசன் விஸ்கி மட்டும்தான்.

ஒரே இடம்தான், அதில் கூச்சப்பட எதுவும் இல்லை. 2023-24இல் இங்கிலாந்தில் 3,10,000க்கும் மேற்பட்ட பெரியவர்கள் இந்தச் சேவைகளில் இருந்தார்கள். அவர்களில் 10 பேரில் 3 பேர் மதுவுக்காக மட்டுமே வந்தவர்கள். வேலைக்குப் போய், வரி கட்டி, இரவில் மட்டும் போத்தலைத் திறக்கும் ஆட்களும் அதில் அடக்கம்.

மதுவைப் பற்றி ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். தினமும் நிறையக் குடிப்பவர், காலையில் கை நடுங்கி, குடித்தால்தான் நடுக்கம் நிற்கிறது என்ற நிலையில் இருப்பவர், திடீரென்று அடியோடு நிறுத்தக் கூடாது. வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிரே போகலாம். கோயிலில் சத்தியம் வாங்கி அன்றிரவே போத்தல்களை ஊற்றிவிடும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அன்பில்தான் செய்கிறார்கள், ஆனால் ஆபத்து. முதலில் சேவையை அழைத்து, மருந்தோடு படிப்படியாக நிறுத்தும் ஏற்பாட்டைச் செய்யுங்கள். நிறுத்திய பிறகு வலிப்போ, குழப்பமோ, இல்லாததைக் காண்பதோ தெரிந்தால் உடனே அவசர எண் 999.

விசாவில இருக்கிறம். இதுக்குப் போனா ஹோம் ஒபிசுக்குத் தெரியவருமா?

சிகிச்சைக்குப் போனார் என்பதற்காக, குடிவரவைப் பார்க்கும் ஹோம் ஒபிசுக்கு எழுதும் வழக்கம் இல்லை. 'பொது நிதி கிடையாது' என்று விசாவில் எழுதியிருப்பதைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். குடிவரவு விதிகளில் பொது நிதி என்று பட்டியலிட்டிருப்பது சில உதவிப் பணங்களையும் வீட்டு வசதியையும்தான். என்எச்எஸ் சிகிச்சை அந்தப் பட்டியலில் இல்லை.

கட்டணம் வேறு விஷயம். விசாவோடு சுகாதாரக் கட்டணம் கட்டியவர்களுக்கும், தஞ்சம் கேட்டு முடிவுக்குக் காத்திருப்பவர்களுக்கும் செலவில்லை. விசிட்டர் விசாவில் வந்தவர்களுக்கும், தஞ்சக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டு வேறு வழக்கு எதுவும் இல்லாதவர்களுக்கும் விதிகள் கடினம். அவர்கள் போவதற்கு முன் கேட்டுக்கொள்வது நல்லது, ஏனென்றால் 500 பவுண்ட் அல்லது அதற்கு மேல் என்எச்எஸ் கடன் நின்றால் பின்னால் விசா விண்ணப்பத்தைப் பாதிக்கலாம். குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் போன்ற கூட்டங்களில் மட்டும் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், காசும் இல்லை.

பேர் எங்கயாவது பதிஞ்சு வச்சா வேலை போயிடும். லைசென்சும் போயிடுமா?

சேவையின் சொந்தக் கோப்பில் உங்கள் பெயர் இருக்கும், மற்ற மருத்துவக் கோப்புகள் போல இரகசியமாக. நாடு தழுவிய புள்ளிவிவரத் திரட்டுக்கு உங்கள் சம்மதத்தோடு போவது பெயரின் முதல் எழுத்துகள், பிறந்த தேதி, பால் போன்ற விவரங்கள், முழுப்பெயர் போகாது. வேலை கொடுத்தவரிடம் உங்களைக் கேட்காமல் சொல்ல மாட்டார்கள்.

லைசென்ஸ் விஷயத்தில் பூசி மெழுக விரும்பவில்லை. மதுவுக்கு அடிமையாக இருக்கிறார் அல்லது போதைப்பொருள் பாவிக்கிறார் என்றால், அதை லைசென்ஸ் கொடுக்கும் டிவிஎல்ஏவுக்கு அறிவிப்பது ஓட்டுநரின் கடமை. மறைத்தால் 1,000 பவுண்ட் வரை அபராதம். டாக்சியோ டெலிவரியோ ஓட்டிப் பிழைக்கும் குடும்பங்களுக்கு இது பெரிய இடி என்று தெரியும். மது அடிமை நிலை என்று முடிவானால், கார் லைசென்ஸ் திரும்பக் கிடைக்கக் குறைந்தது ஓர் ஆண்டு மதுப் பிரச்சினை இல்லாமல் இருந்திருக்க வேண்டும். இருந்தாலும் குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டால் லைசென்சோடு குற்றப் பதிவும் சேர்ந்துவிடும். கீ வேர்க்கரிடம் இதை முதல் நாளே கதையுங்கள்.

சோஷல் சேர்விஸ் பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு போயிடுமோ எண்டுதான் பயம்.

என்னிடம் அதிகமாகக் கேட்கப்படுவது இந்தக் கேள்விதான். வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று சேவை நிச்சயம் கேட்கும். பிள்ளைக்குக் கடுமையான தீங்கு நேரலாம் என்று தோன்றினால் சமூக சேவைக்குச் சொல்ல வேண்டிய கடமையும் அவர்களுக்கு உண்டு. இரகசியம் உடையும் இடம் இது, இதை அவர்களே முதல் சந்திப்பில் சொல்லிவிடுவார்கள்.

ஆனால் ஒரு தகப்பன் உதவி தேடி வந்தான் என்பது அவனுக்குச் சாதகமாகத்தான் எழுதப்படும். பிள்ளைகளைப் பிரிப்பது நீதிமன்றம் வரை போக வேண்டிய கடைசிப் படி. பிள்ளைகள் பார்த்திருக்க அடிதடி நடந்து, பொலிஸ் வந்து, அதன் வழியாகச் சமூக சேவை வாசலுக்கு வருவதைவிட, நீங்களாகப் போய்க் கதவைத் தட்டியிருப்பது எவ்வளவோ மேல்.

தமிழில கதைக்க ஏலுமா? மகள் இங்கிலீஷ் நல்லா கதைப்பாள், அவளைக் கூட்டிக்கொண்டு போகட்டா?

பதிவு செய்யும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள், சேவையே ஏற்பாடு செய்யும். உங்கள் ஊர்க்காரர் வந்துவிடுவாரோ என்று பயமாக இருந்தால் தொலைபேசி வழியாக, வேறு நகரத்திலிருந்து ஒருவர் வேண்டும் என்று கேட்கலாம். ஆணா பெண்ணா என்றும் கேட்கலாம்.

மகளைக் கூட்டிப் போக வேண்டாம். அப்பா எவ்வளவு குடிக்கிறார், அம்மாவை என்ன செய்தார் என்று ஒரு பிள்ளை வாயால் மொழிபெயர்க்க வைப்பது அந்தப் பிள்ளை மேல் ஏற்றும் பெரிய சுமை.

நேரே ரீஹாப்புக்கு அனுப்பச் சொல்லுங்கோ. கவுன்சில் ஏன் இழுத்தடிக்குது?

ரீஹாப் என்றால் சில வாரங்களோ மாதங்களோ தங்கியிருந்து மீள்வது. அதற்கு முன்னால் டீடொக்ஸ், அதாவது உடம்பிலிருந்து மதுவையோ போதைப்பொருளையோ மருத்துவக் கண்காணிப்பில் இறக்குவது, முடிந்திருக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் பல குடும்பங்கள் ஏமாந்து போகின்றன. டீடொக்ஸ் பலருக்கு வீட்டிலிருந்தே, தினமும் தாதி பார்த்து, நடக்கும். வலிப்பு வந்த வரலாறு உள்ளவர்கள், வேறு பெரிய நோய் உள்ளவர்கள், வீட்டில் பார்க்க யாரும் இல்லாதவர்கள் படுக்கை வசதியுள்ள இடத்துக்குப் போவார்கள். அந்தப் படுக்கைகளைத் தனித்தனியாக வாங்கக் கட்டுப்படியாகாது என்பதால் பக்கத்துக் கவுன்சில்கள் கூட்டுச் சேர்ந்து வாங்குகின்றன.

ரீஹாபுக்கு ஒரு ஆளுக்கு ஆயிரக்கணக்கில் செலவாகும். ஆகவே கவுன்சிலில் ஒரு குழு கூடி ஒவ்வொரு விண்ணப்பமாகப் பார்க்கும். வாராந்தர சந்திப்புகளுக்கும் குழுக் கூட்டங்களுக்கும் ஒழுங்காகப் போனாரா, முடித்து வந்தபின் எங்கே தங்குவார், யார் துணை என்று கேட்பார்கள். இழுத்தடிப்பாகத் தெரிவது பெரும்பாலும் இந்தத் தயாரிப்புக் காலம்தான். தயாரிப்பில்லாமல் போனவர்கள் நாலாம் நாள் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வருவது உண்மையிலேயே நடக்கிறது. அதே சமயம், தயாரிப்பு என்ற பெயரில் மாதக்கணக்கில் எதுவும் நகராத இடங்களும் உண்டு. குழு எப்போது கூடும், எந்தத் திகதிக்குள் பதில் வரும் என்று கீ வேர்க்கரிடம் எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் தேவை மதிப்பீடு கேட்கும் உரிமையும் உண்டு.

மனநல ஆக்கள் முதல் குடியை நிப்பாட்டு எண்டினம். குடி ஆக்கள் முதல் மனநலத்தைப் பார் எண்டினம். நாங்கள் எங்க போறது?

போர்க்கால நினைவுகளோடு வாழும் நம் ஆட்களிடம் இந்த அலைக்கழிப்பை நிறையப் பார்க்கிறேன். நித்திரை வராது, அதற்காகக் குடி, குடியால் இன்னும் நித்திரை கெடும். ஒன்றை மட்டும் பிரித்து எடுத்துச் சிகிச்சை செய்ய முடியாது.

பிரச்சினையின் காரணம் பணப்பையில் இருக்கிறது. போதைச் சேவைக்குக் கவுன்சில் பணம், மனநலத்துக்கு என்எச்எஸ் பணம். இரண்டு பை, இரண்டு ஒப்பந்தம், இரண்டு கணினிக் கோப்பு. 2017இல் வந்த தேசிய வழிகாட்டல் இதைத் தெளிவாகச் சொல்கிறது: எந்தக் கதவைத் தட்டினாலும் அது தவறான கதவு ஆகக் கூடாது, ஒருவர் குடிக்கிறார் என்பதற்காக மனநலச் சேவை அவரைத் திருப்பி அனுப்பக் கூடாது. நடைமுறை அந்த அளவுக்கு இன்னும் வரவில்லை என்பதில் எனக்குக் கோபம் உண்டு. திருப்பி அனுப்பினால் இரண்டு தரப்பும் சேர்ந்து ஒரு கூட்டம் போடச் சொல்லி ஜிபி மூலம் எழுதுவியுங்கள். தற்கொலை எண்ணம் இருந்தால் 111ஐ அழைத்து 2ஐ அழுத்துங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 999.

அவர் வரவே மாட்டன் எண்டுறார். அப்ப எனக்கு ஒண்டும் இல்லையா?

இருக்கிறது. பல ஒப்பந்தங்களில் குடும்பத்தாருக்கான உதவியும் சேர்ந்தே வருகிறது. குடிப்பவர் பதிவு செய்யாவிட்டாலும் நீங்கள் தனியாகப் போகலாம். அவரைப் பராமரிப்பவர் என்ற முறையில் உங்களுக்கென்று மதிப்பீடு கேட்கும் உரிமையும் மேலே சொன்ன 2014 சட்டத்தில் இருக்கிறது. அட்ஃபாம் என்ற தொண்டு நிறுவனம் குடும்பங்களுக்காகவே இயங்குகிறது, குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கான அல்அனான் கூட்டங்களும் உண்டு.

அடி விழுகிறது என்றால் குடியைப் பற்றிய பேச்சை நிறுத்திவிட்டு முதலில் பாதுகாப்பைப் பாருங்கள். 2021ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி பாதுகாப்பான தங்குமிடங்களில் ஆதரவு கொடுப்பதும் கவுன்சிலின் கடமை.

தம்பி ஜெயிலில. அங்கயும் கவுன்சில்தானா?

சிறைக்குள் நடக்கும் சிகிச்சைக்கு என்எச்எஸ் இங்கிலாந்து பொறுப்பு. வெளியே வந்ததும் கவுன்சில். இந்த இரண்டுக்கும் இடையில்தான் ஆட்கள் தவறிப்போகிறார்கள். ஹெரோயின் பழக்கம் இருந்தவருக்கு வெளியே வந்த முதல் நாட்கள் மிக ஆபத்தானவை, ஏனென்றால் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும், பழைய அளவே கொன்றுவிடும். விடுதலைக்கு முன்பே உள்ளூர்ச் சேவையில் திகதி வாங்கச் சொல்லுங்கள். ஹெரோயின் போன்றவற்றின் மயக்கத்தை முறிக்கும் நலோக்சோன் மருந்தைச் சேவையில் இலவசமாகக் கொடுப்பார்கள், குடும்பத்தாரும் கேட்டு வாங்கி வீட்டில் வைக்கலாம்.

பக்கத்து பரோவில நல்லா செய்யினம். எங்கட ஏன் இப்பிடி?

இரண்டாம் கேள்வியின் பதிலை மறுபடி பாருங்கள். மானியம் எல்லாக் கவுன்சிலுக்கும் தலைக்கு ஒரே அளவில் வருவதில்லை, வந்ததில் போதைச் சேவைக்கு எவ்வளவு என்பதும் இடத்துக்கு இடம் வேறு. அதோடு 2015 முதல் வெட்டு. ஆள்தொகைக்கும் விலைவாசிக்கும் கணக்குப் பார்த்தால் அடுத்த பத்தாண்டுக்குள் மானியம் கால்வாசிக்கு மேல் சுருங்கியது. கட்டாயப் பட்டியலில் இல்லாத சேவைகளுக்குத்தான் முதல் அடி விழுந்தது. அனுபவசாலிகள் வேலையை விட்டார்கள், ஒரு கீ வேர்க்கருக்கு அளவுக்கு மீறி ஆட்கள் சேர்ந்தார்கள்.

அரசு கேட்டு, மருத்துவரான டேம் கரோல் பிளாக் போதைப்பொருள் பற்றிச் செய்த ஆய்வின் இரண்டாம் பகுதி 2021 ஜூலையில் வந்தது. இந்த வீழ்ச்சியை அவர் மறைக்காமல் எழுதினார். அதன் விளைவாக அந்த டிசம்பரில் பத்தாண்டுத் திட்டம் ஒன்று அறிவிக்கப்பட்டு, சிகிச்சைக்கு மூன்று ஆண்டுகளில் 780 மில்லியன் பவுண்ட் கூடுதலாக ஒதுக்கப்பட்டது. வேலையாட்கள் கூடினார்கள், சிகிச்சைக்கு வருபவர்களும் கூடினார்கள். ஆனாலும் 2023இல் இங்கிலாந்திலும் வேல்சிலும் போதைப்பொருள் நச்சால் 5,448 பேர் இறந்தார்கள். 1993இல் பதிவு தொடங்கியதிலிருந்து அதுவரை இல்லாத எண்ணிக்கை அது. பத்து ஆண்டு வெட்டியதை மூன்று ஆண்டுப் பணத்தால் ஒட்ட முடியாது என்பது என் எண்ணம்.

போன மாசம் பலகையே மாறிட்டுது. பழகின கீ வேர்க்கரும் இல்லை. திரும்ப முதல்ல இருந்தா?

ஒப்பந்தக் காலம் முடிந்து கவுன்சில் வேறு நிறுவனத்துக்குக் கொடுத்திருக்கும். கோப்பும் மருந்தும் தொடர வேண்டும், பெரும்பாலும் பழைய ஊழியர்களே புதிய நிறுவனத்துக்கு மாற்றப்படுவார்கள். உங்கள் மருந்துச் சீட்டு எந்த நாள்வரை செல்லும் என்பதை மட்டும் உடனே உறுதி செய்யுங்கள்.

முன்பு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏலம் விட்டே ஆக வேண்டும் என்ற நிலை இருந்தது, விலை குறைத்துக் கேட்டவர் வென்ற கதைகளும் உண்டு. 2024 ஜனவரி முதல் புதிய விதிகள் வந்திருக்கின்றன. நன்றாக நடக்கும் சேவையை ஏலமில்லாமலே தொடர இப்போது கவுன்சிலுக்கு வழி இருக்கிறது.

ஸ்கொட்லாந்தில இருக்கிற மச்சானுக்கும் இதே முறையா?

இல்லை. அங்கே மது, போதைப் பங்காளி அமைப்புகள் என்று உள்ளூர் அளவில் தனி ஏற்பாடு, பணம் ஸ்கொட்லாந்து அரசிடமிருந்து சுகாதார வாரியங்கள் வழியாக வருகிறது. வேல்சிலும் வட அயர்லாந்திலும் வேறு முறைகள். ஜிபி வழியாகக் கேட்பது எல்லா இடத்துக்கும் பொருந்தும்.

முறைப்பாடு செய்தா சேவையை நிப்பாட்டிப் போடுவினமா? எங்கட ஆக்களுக்கெண்டு ஒரு தமிழ் குழு கேட்டா குடுப்பினமா?

முறைப்பாட்டுக்காகச் சேவையை நிறுத்த முடியாது. முதலில் நிறுவனத்திடம், பிறகு கவுன்சிலிடம், அதற்கும் சரிவராவிட்டால் முறைப்பாடுகளை விசாரிக்கும் உள்ளாட்சி, சமூகப் பராமரிப்பு ஒம்புட்ஸ்மனிடம். திகதிகளைக் குறித்து வைத்திருங்கள்.

தமிழ்க் குழு கேட்கலாம், கேட்க வேண்டிய நேரமும் உண்டு. ஒப்பந்தம் எழுதுவதற்கு முன் கவுன்சில் பகுதி முழுவதற்குமான தேவை மதிப்பீடு ஒன்று தயாரிக்கிறது. அதில் தமிழர் என்ற சொல்லே இல்லாவிட்டால் ஒப்பந்தத்திலும் இருக்காது. சிகிச்சைக்கு நம் ஆட்கள் போகாததால் எண்ணிக்கையில் நாம் தெரிவதில்லை, தெரியாததால் தேவை இல்லை என்று எழுதிவிடுகிறார்கள். தகவல் அறியும் சட்டத்தின் கீழ், இப்போதைய ஒப்பந்தம் எப்போது முடிகிறது, தமிழ் மொழிபெயர்ப்பாளர் எத்தனை முறை கேட்கப்பட்டார் என்று ஒரு மின்னஞ்சலில் கேட்டால் 20 வேலை நாட்களுக்குள் பதில் வர வேண்டும். ஒப்பந்தம் முடிய ஓர் ஆண்டுக்கு மேல் இருக்கும்போதே கோயில் நிர்வாகம், தமிழ்ப் பள்ளி, விளையாட்டுக் கழகம் சேர்ந்து பொதுச் சுகாதார இயக்குநருக்கு எழுதுங்கள். உங்கள் பகுதிக் கவுன்சிலருக்கும் ஒரு பிரதி. சுகாதார, நல்வாழ்வு வாரியத்தின் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை, அங்கே கேள்வி கேட்க முன்கூட்டிப் பெயர் கொடுக்க வேண்டியிருந்தால் அந்த விவரம் கூட்ட அறிவித்தலிலேயே இருக்கும்.